பதினேழாம் பொந்து

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறவர்கள் முகவரியை நம்மைப் போல மேலிருந்து கீழே படிக்க மாட்டார்கள். கீழிருந்துதான் மேலே ஏறுவார்கள். முதலில் அஞ்சல் எண், அப்புறம் ஊர், அப்புறம் தெரு. தெரு வந்ததுமே ரேக்கில் எந்தப் பொந்து என்று கைக்குத் தெரிந்துவிடும்; கடிதம் பறந்துவிடும். அதற்கு மேலே எழுதியிருப்பது யார் பெயர், அவர் டாக்டரா, மண்ணாங்கட்டியா என்பதெல்லாம் தபால்காரர் பாடு. ஒரு கடிதத்துக்கு ஒரு நொடி என்று வேலை பார்க்கிறவனிடம் போய்ப் பெயரையும் படி என்றால் அடிக்க வருவான்.

லென்ஸ் சார் முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் படித்தார். எப்பேர்ப்பட்ட கிறுக்கலையும் படித்துவிடுவார் என்பதால் அஞ்சல் பிரிப்பு நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர் அது. அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

அந்தப் பழைய ஹால் இருந்ததே, அது ஒரு தனி உலகம். பன்னிரண்டு மர ரேக்குகள். ஒவ்வொன்றிலும் நாற்பத்தெட்டுப் பொந்துகள். லென்ஸ் சார் குடியிருக்கும் தெரு அடங்கிய ரேக் அவர் பொறுப்பில்தான். காலை ஆறு மணிக்கு லாரி வந்து நிற்கும். சாக்குப் பைகளை நீள மேஜையில் கவிழ்த்தால் சணலும் பசையும் மழையில் நனைந்த காகிதமும் கலந்து ஒரு வாசனை குப்பென்று கிளம்பும். ஒரு பக்கம் முத்திரை குத்தும் சத்தம், ஒரு பக்கம் ரேடியோவின் சத்தம். ரேடியோ என்றால் பாட்டுப் பெட்டி இல்லை. லென்ஸ் சாருக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்த அம்மாள். காலையில் வாயைத் திறந்தால் மதியம் ஷிப்ட் முடியும்போதுதான் மூடுவாள். ஆனால் கை மட்டும் நிற்கவே நிற்காது.

ஒரு தடவை ஏதோ பார்சலில் வந்த தேன் பாட்டில் உடைந்து, ஒரு மூட்டைக் கடிதம் முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நான்கு பேர் ஈரத்துணியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். ரேடியோ விரலை நக்கிக்கொண்டே வேலை பார்த்தாள். "அரசாங்கத் தேன் அண்ணே, வீணாக்கக் கூடாது" என்றாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் லென்ஸ் சாருக்கு வயிறு வலித்தே போய்விட்டது. அந்த மாதிரி நாளெல்லாம் இனி வருமா என்ன?

அவருடைய ஒரே மகளுக்கும் அந்த ஹாலை நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் வந்து காலிச் சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். வீட்டில் செருப்புப் பெட்டிகளை அடுக்கி அவளும் ஒரு ரேக் கட்டியிருந்தாள். ஸ்பூன், பொத்தான், பழைய சாவி என்று எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி முகவரி எழுதி, அப்பாவும் மகளும் போட்டி போட்டுப் பிரிப்பார்கள். அவள் பெயரைப் படித்துக்கொண்டு நின்றால் இவர் கத்துவார்: "பேரைப் பாக்காதே, தெருவைப் பாரு! நேரம் போகுது!" ஒன்றுக்கும் ஏழுக்கும் குழப்பம் வந்தால் கடிதம் நானூறு மைல் சுற்றும் என்று சொல்லி, ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடச் சொல்லியிருந்தார். அந்தக் கோடு அவள் கையோடு வளர்ந்தது.

அவ்வளவு செல்லமாக வளர்த்த பெண், தனக்குப் பிடித்தவனைத் தானே பார்த்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றாள். லென்ஸ் சாருக்கு மூக்கு நுனியில் கோபம். மாப்பிள்ளை நல்லவனா கெட்டவனா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான். வாசலை அடைத்துக்கொண்டு நின்று சொன்னார்:

"இனிமே நீ இல்ல, உன் கடுதாசிகூட இந்த வீட்டு வாசலுக்கு வரக் கூடாது!"

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தொலைதூர ஊர். ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டும்.

சொன்ன மறுநாளே அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்க மனுஷனுக்கு வாய் வர வேண்டுமே! வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

இரண்டாவது மாதம், முதல் வாரத்தில் ஒரு காலை. இடது கையில் ஒரு கடிதக் கட்டு, கட்டைவிரல் மேல் விளிம்பில், வலது கை போட்டுக்கொண்டே போகிறது. திடீரென்று ஒரு கவர். கீழே அஞ்சல் எண். அதில் ஒரு ஏழு. நடுவில் குறுக்குக் கோடு. கண் மேலே ஏறியது. அவருடைய ஊர். அவருடைய தெரு. ஆனால் கதவு எண் அவருடையது இல்லை, அடுத்த வீடு. தையற்காரம்மா வீடு.

சரிதான், அம்மாக்காரிக்கு ரகசியமாக எழுதுகிறாள் என்று புரிந்துவிட்டது. அவர் மனைவி அடிக்கடி 'ஒரு தையல் வேலை' என்று அடுத்த வீட்டுக்குப் போவதன் மர்மமும் புரிந்தது. கடிதத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பிரிப்பு நிலையத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது; தன் பெயருக்கே வந்தாலும் எடுக்கக் கூடாது, தபால்காரர் கையால்தான் வர வேண்டும். இன்னொரு விநாடி அதிகமாகப் பார்க்கவும் இல்லை. அதற்கு வீம்பு விடவில்லை. மற்ற கடிதத்துக்கு என்ன நேரமோ அதே நேரம். அவருடைய தெருவுக்கு உண்டான பதினேழாம் பொந்தில் போட்டார்.

அதற்கப்புறம் மாதம் தவறாமல் முதல் வாரத்தில் ஒரு கவர் வந்தது. உயிரோடு இருக்கிறாள், கை நடுங்காமல் எழுதுகிறாள், வேறென்ன வேண்டும் என்று தன்னையே தேற்றிக்கொள்வார். அந்த வாரத்தில் காய்ச்சல் நூற்றிரண்டு என்றாலும் லீவு போட மாட்டார். மேற்பார்வையாளர் பதவி வீடு தேடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். மேற்பார்வையாளருக்கு ரேக் கிடையாதே! ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள். "யாராவது வர்ற மகாலட்சுமியை வாசல்லயே நிறுத்துவாங்களா? என்ன அண்ணே உங்க கணக்கு?" அவர் கணக்கைச் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் அந்தப் பதினேழாம் பொந்துதான் அவருக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த ஒரே உறவு.

அதற்கும் வந்தது வினை. திடீரென்று ஒரு நாள் ரேக்குகளைக் கழற்றிவிட்டு ஹால் நீளத்துக்கு ஒரு மெஷினை நிறுத்தினார்கள். குற்றம் சொல்லக் கூடாது, நல்ல மெஷின்தான்; ஒரு மணி நேரத்தில் முப்பதாயிரம் கடிதம் பிரிக்கும், தலைவலி என்று சொல்லாது. அதற்குப் படிக்க முடியாத கிறுக்கல்களை மட்டும் ஒரு தட்டில் துப்பிவிடும். அதைப் படிக்க ஒரு மேஜை. துப்பல் மேஜை என்று ரேடியோதான் பெயர் வைத்தாள். அவளையும் லென்ஸ் சாரையும் அங்கே உட்கார வைத்தார்கள்.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம், மூன்று மாதம். மகளின் கவர் வரவில்லை. எப்படி வரும்? அவள் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். மெஷின் கண்ணை மூடிக்கொண்டு படித்துவிடும். இவரே சொல்லிக் கொடுத்த தெளிவு இவருக்கே எதிராகத் திரும்பிவிட்டது. ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். இனி அவள் எழுத்தை ஒரு தடவையாவது பார்ப்போமா என்ற பயம் அவரை அரித்தது. மெஷினின் மறுமுனையில் போய் நின்று பார்த்தார். கடிதங்கள் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை.

வீட்டில் எரிந்து விழுந்தார். "என்னங்க, வேலை பிடிக்கலையா?" என்று மனைவி கேட்டாள்.

"என்ன வேலை? ஊர்ல இருக்கிற கிறுக்கல் எல்லாம் என் தலையில. நல்லா எழுதுறவங்க லெட்டர் எதுவும் என் கைக்கே வர்றதில்ல. போதாக்குறைக்கு ஒவ்வொண்ணையும் முழுசா டைப் அடிக்கணுமாம்."

"ஓகோ. மெஷினுக்குப் புரியாததுதான் உங்ககிட்ட வருமா?" என்றாள் மனைவி. அவள் அதைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். இவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் முதல் வாரம். ரேடியோ தன் நாத்தனார் வாங்கிய சோபா, வாசல் வழியாக நுழையாமல் மூன்று நாள் தெருவிலேயே கிடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். லென்ஸ் சார் பாதிக் காதில் கேட்டபடி தட்டிலிருந்து ஒரு கவரை எடுத்தார். ஐயோ, அது என்ன எழுத்து! பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதினால்கூட இதைவிட நன்றாக இருக்கும். அஞ்சல் எண்ணில் ஐந்து இலக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆறாவது மட்டும் தெளிவாக இருந்தது. ஏழு. நடுவில் குறுக்குக் கோடு.

அவருக்குக் கை நின்றுவிட்டது.

மேலே ஏறினார். அவருடைய ஊர். அவருடைய தெரு. அடுத்த வீட்டு எண். கணினியில் அதையெல்லாம் அடித்தார். இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தார். எல்லாம் அடித்து முடித்தும் லேபிள் வரவில்லை. திரையில் 'பெயர்' என்ற கட்டம் காலியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சனியன் பிடித்த கணினி பெயர் இல்லாமல் லேபிள் கொடுக்காது.

பெயர் என்ன, தையற்காரம்மா பெயர்தான் என்று நினைத்துக்கொண்டே கட்டைவிரலை நகர்த்தினார். முப்பத்தோரு வருஷமாக அவருடைய கட்டைவிரல் உட்காரும் இடம் அது. கவரின் மேல் வரி.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு ரேடியோவிடம் நீட்டினார்.

"ஏம்மா, மேல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாரு."

"உங்களுக்கே படிக்க முடியலையா? நல்லா இருக்கு கதை!" என்று வாங்கிப் பார்த்தாள். "'அப்பாவுக்கு'ன்னு போட்டிருக்கு. யாரோட அப்பாவாம்? இப்படி எழுதினா தபால்காரன் தெருத்தெருவா அப்பாவைத் தேடணுமா?"

"தேட வேணாம்" என்றார் லென்ஸ் சார். "நான்தாம்மா அது."

ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது நடந்ததே இல்லை.

கவர் கையில் இருக்கிறது, தன் பெயருக்கு வந்தது. எடுத்துக் கிழித்துப் படித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் செய்யவில்லை. பெயர்க் கட்டத்தில் 'அப்பாவுக்கு' என்று அடித்தார். லேபிள் வந்தது, ஒட்டினார், தட்டில் போட்டார். பிறகு எழுந்து போய் மறுநாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தார். முதல் வாரத்தில் லென்ஸ் சார் லீவு என்றதும் ஹாலே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே தையற்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இவருக்கு நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. பத்தே கால் மணிக்குத் தபால்காரர் சைக்கிளில் வந்தார்.

"என்ன சார் இங்க நிக்கறீங்க? இந்தாங்க, வழக்கமான லெட்டர். இன்னைக்கு லேபிள் எல்லாம் ஒட்டி ஜோரா வந்திருக்கு."

"வழக்கமானதா?"

"மாசா மாசம் வருமே. 'அப்பாவுக்கு'ன்னு. இந்த வீட்ல அப்பாவே கிடையாதேன்னு ஆரம்பத்துல குழம்பினேன். தையற்காரம்மாதான், போட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்னாங்க."

தையற்காரம்மா அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கவரோடு நிற்கிற மனுஷனைப் பார்த்தாள். "உள்ள வாங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு துணிப் பையைத் தூக்கி வந்து துணி வெட்டும் மேஜையின் மேல் வைத்தாள். பை நிறையக் கவர்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"எல்லாம் உங்களோடதுதான். அண்ணி ஒரு நாளும் தொடலை. 'அவருக்கு வந்ததை நான் எதுக்குப் பிரிக்கணும்'னு சொல்லிட்டாங்க."

பின்னாலேயே மனைவியும் வந்து நின்றாள்.

"உனக்குத்தானே எழுதறான்னு நெனச்சேன்" என்றார் லென்ஸ் சார்.

"எனக்கு எதுக்குங்க கடுதாசி? தினமும் மொட்டை மாடில நின்னு போன்ல பேசறேன். என் தங்கச்சிகிட்ட பேசறதா நீங்க நெனச்சுக்கிட்டிருக்கீங்க. என் தங்கச்சிக்கு என்ன, தினமும் பேச வேற வேலையில்லையா?"

"அப்புறம் ஏன் இந்த வீட்டுக்கு..."

"இந்த வாசலுக்கு வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அடுத்த வாசலைப் பத்திச் சொல்லலையே! 'எந்த வீட்டுக்குப் போட்டாலும் அப்பா கையைத் தாண்டித்தாம்மா போகும், ஒரு நாள் மனசு இறங்கும்'னா. மாசா மாசம் போடறா. நீங்க பார்த்துட்டு வந்து எதுவுமே நடக்காத மாதிரி சாப்பிட்டுத் தூங்கறீங்க." இவ்வளவு நேரம் நிதானமாகப் பேசியவளுக்குக் குரல் உடைந்தது. "மெஷின் வந்ததும் அதுவும் போச்சேன்னு அழுதா. நான்தான் கிறுக்கி அனுப்பச் சொன்னேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். அப்பான்னு பெத்த பொண்ணு எழுதினதை ஒன்பது வருஷம் பார்த்துட்டுத் தூக்கிப் போட எப்படிங்க மனசு வந்துச்சு? நெஞ்சு கல்லா உங்களுக்கு?"

"பார்க்கலைடி" என்றார் அவர். "நான் பேரைப் படிக்கவே இல்ல. யார் பேரையும் படிக்கிறதில்ல. கீழ இருந்து தெரு வரைக்கும்தான்... அதுக்கு மேல என் விரல் இருக்கும்."

கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே மனைவி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லென்ஸ் சாரின் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தன. பையைக் கவிழ்த்து, முத்திரைத் தேதி பார்த்து, வருஷ வாரியாக மேஜையில் அடுக்க ஆரம்பித்தன. ஒன்பது அடுக்கு முழுசாக, பத்தாவது நான்கோடு நின்றது. நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். எல்லாவற்றின் மேல் வரியிலும் அதே சொல். முதல் கடிதத்தைத் தையற்காரம்மாவின் கத்தரியால் வெட்டினார். உள்ளே சின்னதாக ஒரு தாள்.

'அப்பா, கோபம் போயிடுச்சா? போகலைன்னா பரவாயில்லை, அடுத்த மாசம் கேக்கறேன்.'

இரண்டாவதைப் பிரித்தார். அதே வரி. நடுவிலிருந்து ஒன்றை உருவினார். அதே வரி. நேற்று அவர் கையாலேயே லேபிள் ஒட்டியதைப் பிரித்தார். உள்ளே கிறுக்கல் இல்லை, அச்சடித்தது போல அதே வரி. அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பாழாய்ப்போன மனுஷன், கோபம் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

மனைவி போனை எடுத்து மகளை அழைத்து அவர் காதில் வைத்தாள். இரண்டாவது ரிங் அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டாள்.

"அம்மா, லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார் லென்ஸ் சார்.

இவர் எதையெதையோ சொல்ல நினைத்தார். வாயில் வந்தது இதுதான்: "எழுத்தா அது? கண்றாவி. அந்த ஏழு மட்டும் இல்லேன்னா எனக்கே பிடிபட்டிருக்காது."

"அப்பா..." என்றாள் அவள். "கோபம்..."

"ஒண்ணும் இல்லம்மா. எப்பவோ போயிடுச்சு. நான் உன் லெட்டரைப் படிக்கவே இல்ல. வந்த ஒவ்வொண்ணையும் நான்தான் போட்டேன், ஆனா பேரை..."

"பேரைப் பாக்காதே, தெருவைப் பாரு" என்றாள் அவள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. "ஐயோ அப்பா! எனக்குத் தெரியுமேப்பா அது. செருப்புப் பெட்டி வெச்சு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. எப்படிப்பா மறந்தேன்?"

தையற்காரம்மா அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் நேர்ல வரட்டுமாப்பா?"

"இது என்ன கேள்வி? நாளைக்கே கிளம்பு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு லெட்டர் போட்டுடு. நல்ல எழுத்தா எழுது, மெஷினே படிக்கட்டும்." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அடுத்த வீட்டுக்கு வேணாம். நம்ம வீட்டுக்குப் போடு. நம்ம கதவு நம்பர் ஞாபகம் இருக்கா?"

அவள் கதவு எண்ணைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், அஞ்சல் எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். லென்ஸ் சார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைசி வரை கேட்டார்.